திபிலிசியில் முதல் வருடம்: ஹாஸ்டலா, ஃபிளாட்டா, பாட்டி வீடா?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஒரு கேள்விக்காகத்தான். போன வாரம் கேட்டவர் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. "பாப்பாவுக்கு ஜார்ஜியாவுல டாக்டருக்குப் படிக்க சீட் கெடச்சிருக்கும்மா. ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேத்து ஒரு வருசப் பணத்த இப்பவே கட்டணும்னு ஏஜென்ட் சொல்லுதாரு. அவ கூடப் படிச்ச பையன் ஃபிளாட்தான் மலிவுங்கான். நீ என்ன சொல்லுத?" அவரிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. 2021 அக்டோபரில் மருத்துவம் படிக்க, ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலிசியில் முகக்கவசத்தோடு வந்து இறங்கினேன். இப்போது ஐந்தாம் ஆண்டு தொடங்குகிறது. முதல் ஐந்து மாதம் ஹாஸ்டலில் இருந்தேன், அப்புறம் ஃபிளாட். என்னோடு வந்த தோழி ஒருத்தி முதல் வருடம் முழுக்க ஒரு ஜார்ஜியப் பாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். ஆக, மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். எந்த நாட்டுக்குப் போவது, எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்பதெல்லாம் வேறு பேச்சு. திபிலிசி என்று முடிவாகி, பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இது.

வாடகைக் கணக்குக்குப் போகும் முன் முதல் வருடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அனாடமி, ஹிஸ்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, கூடவே ஜார்ஜிய மொழி. சின்னக் குழுவாக உட்கார்ந்து படிக்கும் வகுப்புகள் என்பதால் ஆசிரியர் உங்களைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பார். நூற்றுக்கு 51 எடுத்தால் பாஸ். 41 முதல் 50 வரை வந்தால் எஃப்எக்ஸ் என்பார்கள், இன்னொரு தேர்வு எழுதலாம். 40-ஐத் தாண்டாவிட்டால் அந்தப் பாடத்தையே மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். ஆறு வருடம் முடித்து ஊருக்குத் திரும்பினால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராக வேலை பார்க்க எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வு காத்திருக்கிறது: 300 கேள்விகள், பாஸ் ஆக 150 சரியாக இருக்க வேண்டும். அதில் அனாடமிக்கு 17, பிசியாலஜிக்கு 17, பயோகெமிஸ்ட்ரிக்கு 17. முதல் வருடம் தூக்கமும் சாப்பாடும் கெட்டு வகுப்பில் கண் சொருகிக்கொண்டிருந்தால் அதன் விலை அங்கே தெரியும். அதனால் தங்குமிடத்தை நான் ஒரே ஒரு அளவுகோலால்தான் அளக்கிறேன். இந்த இடம் ஒரு 18 வயதுப் பிள்ளையைக் காலை ஒன்பது மணி வகுப்பில் வயிற்றில் சோறோடு, தூங்கி எழுந்த முகத்தோடு உட்கார வைக்குமா? டிசம்பரில் இங்கே எட்டரை மணி வாக்கில்தான் விடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல்

ஹாஸ்டலின் அருமை முதல் நான்கு வாரத்தில்தான் தெரியும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாக மாறி மாறி வந்து, அதிகாலையில் விமான நிலையத்தில் நிற்போம். 33 எழுத்துள்ள ஜார்ஜிய மொழியில் ஒரு பலகைகூடப் படிக்க முடியாது. அந்த நேரத்தில் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நிற்பதும், போய்ச் சேர்ந்ததும் சூடாக ஏதோ ஒன்று சாப்பிடக் கிடைப்பதும் பெரிய விஷயம். சிம் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் கூட வர ஆள் இருக்கும். முக்கியமாகக் குடியிருப்பு அனுமதி. வீசா முடிவதற்குக் குறைந்தது 40 நாள் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். மத்குவாரி ஆற்றங்கரையில் காளான் குடைகளைக் கவிழ்த்த மாதிரிக் கூரையோடு ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது, பொதுச் சேவை மன்றம். விண்ணப்ப வேலை அங்கே. புதிதாக வந்த பிள்ளை தேதியை மறந்தாலும் ஹாஸ்டலில் நாற்பது பேர் சேர்ந்து மறக்க மாட்டார்கள். வீசா தாமதமாகி நவம்பரில் வந்து சேர்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கவே அவர்களுக்கு நேரம் போதாது.

இன்னொன்றும் உண்டு. முதல் டிசம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் எதிர் அறை அக்கா கதவைத் தட்டினார். அவர் மதுரை, மூன்றாம் ஆண்டு. கெட்டிலில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை என்பதைக் கவனிக்க ஒரு ஆள். முதல் வருடத்தில் ஹாஸ்டல் தரும் எல்லாவற்றிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். மெஸ் என்றதும் நம் வீட்டில் இட்லி, சாம்பார் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். இங்குள்ள இந்திய மெஸ்கள் பெரும்பாலும் வட இந்தியச் சமையல். நான் இருந்த இடத்தில் ராஜ்மா, உருளைக்கிழங்கு, தடித்த ரொட்டி, வாரம் இருமுறை கோழி. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. நவம்பர் பாதியில் அளவும் குறைந்தது, ருசியும் குறைந்தது. மெஸ்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே கச்சாபுரி வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். சீஸ் அடைத்துச் சுட்ட ரொட்டி அது. பசி அடங்கும், ஆனால் தினமும் இறங்காது. அறைக்கு நான்கு பேர். ஒருத்தி இரவு இரண்டு மணி வரை வீட்டோடு பேசுவாள், ஒருத்தி நான்கு மணிக்கு எழுந்து சத்தமாகப் படிப்பாள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, அறைதான் சிறியது.

பெரிய அடி பணத்தில். ஒரு வருடத்துக்கும் முன்பணமாகக் கட்டியிருந்தோம். பிப்ரவரி கடைசியில் நான் வெளியேறியபோது மீதி ஏழு மாதப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. "கையெழுத்து போட்ட தாளைப் படிச்சுப் பாருங்க" என்றார்கள். படித்தேன், அதில் அப்படித்தான் இருந்தது. அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அண்ணாச்சியிடம் நான் முதலில் சொன்னதும் இதைத்தான்: ஹாஸ்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு வருடத்துக்குக் கட்டாதீர்கள். ஒரு செமஸ்டருக்கு மட்டும் கேளுங்கள். முடியாது என்றால் மெஸ் இல்லாமல் அறை மட்டும் கேளுங்கள். அதுவும் முடியாது என்றால் இன்னொரு ஹாஸ்டலைப் பாருங்கள். ஊரில் இருந்துகொண்டு அட்மிஷனோடு சேர்த்து ஒரே மூட்டையாக வாங்கும்போதுதான் "இதுதான் விதி" என்பார்கள். தனியாகக் கேட்டால் பேச்சுக்கு இடம் இருக்கிறது.

ஃபிளாட்

திபிலிசியில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டாம் வருடத்துக்குள் பெரும்பாலும் ஃபிளாட்டுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். சபுர்தாலோ என்ற பகுதியில் கூட்டம் அதிகம். வாஷா ப்ஷவேலா சாலையும், அதன் கீழே ஓடும் மெட்ரோவும் அங்கே. அந்தப் பாதையில் ஒரு நிலையத்தின் பெயரே 'மருத்துவப் பல்கலைக்கழகம்'. இந்திய மளிகைக் கடைகளும் இந்தப் பக்கம்தான்.

பணக் கணக்கைப் பார்த்தால் ஃபிளாட் மலிவு என்பது பாதி உண்மை. மூன்று பேர் பகிர்ந்து, தினமும் சமைத்தால் மலிவு. இரண்டு பேராகி, சமைக்கச் சோம்பி, ஆப்பில் ஆர்டர் போட ஆரம்பித்தால் ஹாஸ்டலைவிடக் கூடிவிடும். உள்ளே போகும்போதே முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் கேட்பார்கள். காஸ், மின்சாரம், தண்ணீர், இணையம் தனி. குளிர்காலத்தில் காஸ் பில் ஏறும். வாடகையை டாலரில் பேசுவார்கள், ஊரிலிருந்து வருவது ரூபாய், கையில் செலவழிப்பது ஜார்ஜிய நாணயமான லாரி. மூன்று நாணயத்துக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

எங்கள் கதையையும் சொல்கிறேன். 2022 பிப்ரவரி கடைசியில் ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி, சேலத்துப் பெண் ஒருத்தி, நான் மூன்று பேரும் சபுர்தாலோவில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை மாதம் 450 டாலருக்குப் பிடித்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதராகத் தெரிந்தார், கை குலுக்கினோம், எழுதி வாங்கவில்லை. அதே வாரம்தான் உக்ரைனில் போர் தொடங்கியது. ரஷ்யாவிலிருந்து மக்கள் திபிலிசிக்கு வந்து இறங்கினார்கள். செப்டம்பரில் அங்கே ஆள்திரட்டல் அறிவித்ததும் இன்னொரு அலை. நகரம் முழுக்க வாடகை எகிறியது. எங்கள் வீட்டுக்காரர் 800 கேட்டார், இரண்டு வாரம் அவகாசம். எங்களிடம் தாள் இல்லை. இரண்டாம் வருடம் தொடங்கும் வேளையில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வார்கெத்திலிக்குப் போனோம், மெட்ரோவின் அந்தக் கோடிக்கு. ஒரு இடத்தில் மாறி, நடையையும் சேர்த்தால் வகுப்புக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஒரு லாரி டிக்கெட்டில் 90 நிமிடம் மெட்ரோவும் பஸ்ஸும் மாறலாம் என்பதால் காசு பெரிதாகப் போகவில்லை. போனது தூக்கம்தான்.

அதனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ஜார்ஜியத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். எத்தனை மாதம், எவ்வளவு, எந்த நாணயம், நடுவில் ஏற்றக் கூடாது, பாய்லர் கெட்டால் யார் பார்ப்பது, இந்த ஐந்தும் அதில் இருந்தால் போதும். உள்ளே போன அன்றே சுவர், கட்டில், அடுப்பு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது ஹீட்டரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். இங்கே பழைய வீடுகளில் சுவரோடு ஒட்டிய காஸ் ஹீட்டர் இருக்கும், 'கார்மா' என்பார்கள். புதிய வீடுகளில் பாய்லர். குளியலறையில் காஸ் கீசர் இருப்பதும் உண்டு. எரிந்த புகை வெளியே போகக் குழாய் சரியாக இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். 2024 டிசம்பரில் குதாவுரி என்ற பனிமலை ஊரில் ஓர் உணவகத்தின் மாடியில் தூங்கிய 12 பேர் இறந்துபோனார்கள், 11 பேர் இந்தியர்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடியதாகப் போலீஸ் சொன்னது. அன்றிரவு எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவரவர் ஹீட்டரைப் படம் எடுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் சிறிய பொருள், விலையும் பெரிதில்லை. அரிசி குக்கருக்கு முன்னால் அதை வாங்குங்கள். ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால் ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, 112-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றவை எல்லாம் பழகிவிடும். பழைய சோவியத் காலக் கட்டடங்களில் லிஃப்ட்டுக்குக் காசு போட வேண்டும், சில்லறை இல்லாவிட்டால் ஒன்பது மாடி ஏற வேண்டியதுதான். தெரு நாய்கள் காதில் அடையாள வில்லையோடு சாதுவாகப் படுத்திருக்கும்.

சமையலில்தான் ஃபிளாட்டின் சுகமே இருக்கிறது. கடைகளில் பாஸ்மதி கிடைக்கும், பொன்னி கிடைக்காது. துவரம்பருப்பும் புளியும் இந்தியக் கடையில். ஆனால் நம் சமையலுக்கு இந்த ஊர் அந்நியமில்லை. கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாகத் தின்னும் மக்கள் இவர்கள். கத்தரிக்காய், தக்காளி, பச்சை மிளகாய் எல்லாம் சந்தையில் உண்டு. லோபியோ என்று சிவப்புப் பீன்ஸை மண்சட்டியில் வேகவைத்துத் தருவார்கள், அதில் நம் மிளகாய்ப் பொடியைத் தூவினால் சோற்றுக்கு ஆகும். ட்கெமாலி என்ற புளிப்புப் பிளம் சாந்தில் கடுகு தாளித்து நாங்கள் புளிக்குழம்புக்குப் பதிலாக ஊற்றிக்கொள்வோம். அப்புறம் மத்ஸோனி. அது நம் தயிரேதான். முதல் முறை ஃபிளாட்டில் சோற்றைக் குழைய வடித்து, மத்ஸோனி ஊற்றி, ஊரிலிருந்து வந்த மாவடுவைத் தொட்டுக்கொண்டு மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. ஊரிலிருந்து கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி, ஊறுகாய் போதும். குக்கர் கொண்டுவந்தால் கேஸ்கெட் இரண்டு சேர்த்து எடுங்கள். மிக்ஸியின் நம்மூர் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். ஜனவரியில் இட்லி மாவு பொங்காது. துணி சுற்றி ஹீட்டர் இருக்கும் அறையில் வையுங்கள்.

ஆனால் இந்தச் சுகத்துக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் போகும். காய் வாங்க, நறுக்க, பாத்திரம் கழுவ, பில் கட்ட. அனாடமியில் எலும்பும் நரம்பும் தலைக்குமேல் போய்க்கொண்டிருக்கும் முதல் மூன்று மாதத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் உங்களிடம் இருக்காது. இதுவரை வீட்டில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத பிள்ளை என்றால் இரட்டிப்புச் சிரமம். கூட இருப்பவர்களோடு மனக்கசப்பு வருவதும் பாத்திரத்தில்தான் ஆரம்பிக்கும்.

பாட்டி வீடு

இது எல்லோருக்கும் கிடைக்காது, தேடினாலும் சுலபமில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மொழி விஷயத்தில் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது.

என் தோழி தங்கிய வீட்டில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருந்தார். மகன் வெளிநாட்டில். ஓர் அறையும் சமையலறையில் ஓர் அலமாரியும் இவளுக்கு. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. 'மாமா' என்றால் ஜார்ஜியத்தில் அப்பா, 'தேதா' என்றால் அம்மா என்று இவள் முதல் நாளே கற்றுக்கொண்டாள். தன் தாய்மாமாவின் போட்டோவைக் காட்டி "மாமா" என்று இவள் சொல்ல, பாட்டி அவரை இவளுடைய அப்பாவாகவே நினைத்து மாதக் கணக்கில் நலம் விசாரித்திருக்கிறார். ஆறு மாதத்தில் அவள் சந்தையில் பேரம் பேசினாள். நாங்கள் அப்போதும் "காமர்ஜோபா", "மத்லோபா" என்ற வணக்கத்தையும் நன்றியையும் தாண்டவில்லை. மூன்றாம் வருடம் மருத்துவமனை வகுப்புகள் தொடங்கியபோதுதான் இதன் மதிப்பு புரிந்தது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஜார்ஜியத்தில்தான் பேசுவார். "சாத் க்ட்கிவாத்?", எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்டால் நோயாளிகள் முகம் மலர்ந்து கதையே சொல்வார்கள். நாங்கள் யாராவது மொழிபெயர்க்கக் காத்து நிற்போம். ஆறு வருடத்தில் அவள் தொட்டுப் பார்த்துக் கற்கும் மருத்துவம் எங்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு செய்தி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்புக் காலங்களில் இந்த வீடுகளில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாத சமையல் நடக்கும். கீரை, வால்நட், காளான், பீன்ஸ் என்று பாட்டி சமைத்ததைத்தான் அவள் அந்த நாட்களில் சாப்பிட்டாள்.

இதன் மறுபக்கம் தனிமை. பரீட்சைக்கு முந்தைய இரவு பக்கத்தில் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. பெருங்காயம் தாளித்தால் பாட்டி ஜன்னலைத் திறப்பார், கருவாட்டுக்கு இடமே இல்லை. நண்பர்கள் வந்து தங்க முடியாது. அந்தப் பிப்ரவரி பரீட்சை நாட்களில் அவள் எங்கள் ஹாஸ்டல் அறையில்தான் தரையில் படுத்துக்கிடந்தாள். தனியாக இருப்பது மனதை அழுத்தும் சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு முதல் வருடம் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

என் முடிவு

முதல் செமஸ்டர் ஹாஸ்டல், பிப்ரவரித் தேர்வு முடிந்ததும் ஃபிளாட். இதுதான் என் பதில். அந்த ஐந்து மாதத்தில் ஊர் பழகிவிடும், எந்த மெட்ரோவில் இறங்குவது என்று தெரிந்துவிடும், யாரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை ஊரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்து முடிவு செய்யவே முடியாது. மூன்று பேர் சரியான எண்ணிக்கை. நான்கு பேர் என்றால் வாடகை குறையும், குளியலறை வரிசையில் காலை வகுப்பு போகும். தூரமான மலிவு வீட்டைவிட அரை மணி நேரத்துக்குள் வகுப்புக்குப் போகக்கூடிய வீட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள். வார்கெத்திலியில் ஒரு வருடம் இருந்தவளாகச் சொல்கிறேன்.

இதற்கு விலக்கும் உண்டு. சொந்த அண்ணனோ அக்காவோ, நன்கு தெரிந்த சீனியரோ இங்கே ஏற்கெனவே ஃபிளாட்டில் இருந்து, அவர்களோடு இடம் இருந்தால் நேரே அங்கே போகலாம். கதவைத் தட்ட ஆள் இருக்கிறதே. இருபது இருபத்திரண்டு வயதில் வருபவர்கள், ஏற்கெனவே வெளியூரில் அறை எடுத்துச் சமைத்துப் பழகியவர்கள், அவர்களுக்கும் ஹாஸ்டல் தேவையில்லை. பாட்டி வீட்டை, ஊர் பழகிய பின் இரண்டாம் வருடத்தில் யோசிக்கலாம். மருத்துவமனை வகுப்புக்கு முன் ஒரு வருட மொழிப் பயிற்சியாக அமையும்.

அண்ணாச்சி நேற்று மறுபடி கூப்பிட்டார். ஏஜென்ட் முதலில் முடியாது என்றாராம். வேறு ஹாஸ்டலில் விசாரிக்கிறோம் என்றதும் ஒரு செமஸ்டருக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று இறங்கி வந்துவிட்டாராம். பாப்பா செப்டம்பர் கடைசியில் வருகிறாள். பிப்ரவரியில் வீடு பார்க்க நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், அது அவளுக்கு.